சுவரைத் தொட்ட இடுப்பு

முப்பது வருடமாக நான் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர். "முட்டியை மடக்காதே, குனிந்து கால் விரலைத் தொடு" என்று விசில் ஊதிக் கத்துவதுதான் என் பிழைப்பு. நானே கடைசியாக எப்போது குனிந்தேன் என்று யாரும் கேட்டதில்லை. ஊருக்குத்தானே உபதேசம்.

போன பொங்கலுக்கு மாப்பிள்ளை பிரான்சிலிருந்து வந்தபோது இரண்டு கோல்ஃப் மட்டைகளைக் கொண்டுவந்தார். எங்கள் ஊரான உறுவையாற்றில், அறுப்பு முடிந்த எங்கள் வயலில் பந்தை வைத்து, "மாமா, ஒரு அடி அடிச்சிப் பாருங்க" என்றார். பி.டி. மாஸ்டர் அல்லவா, மறுக்க முடியுமா? மண்வெட்டியைப் பிடிப்பதுபோல் பிடித்து, முதுகை வளைத்து ஓங்கி இறக்கினேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மண்கட்டிதான் பறந்தது. அப்படியே முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி எதிர்வீட்டு அக்காவைக் கூட்டிவந்தாள். கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த அக்கா அப்படிப் பிறந்தவர். குப்புறப் படுக்கவைத்து மூன்று முறை மிதித்துவிட்டு, "சுளுக்குதாம்பா, காலையில வுட்டுடும்" என்று சொல்லிப் போனார்.

நான் பயந்தது சுளுக்குக்கு அல்ல. ஆறு மாதமாகவே என் இடது கால் அவ்வப்போது மரத்துப்போய்க்கொண்டிருந்தது. எங்கள் பள்ளியிலேயே இன்னொரு பி.டி. மாஸ்டர், இப்படித்தான் கால் மரத்து, முதுகெலும்பில் டிஸ்க் நகர்ந்து ஆபரேஷன் செய்துகொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு மைதானமே இல்லை, நாற்காலியும் வருகைப் பதிவேடும்தான். மைதானத்தைப் பிடுங்கிவிட்டால் நான் யார்? அந்தப் பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அன்றுதான் மனைவியிடம் சொன்னேன்.

"ஆறு மாசமா வாயில இன்னா கொழுக்கட்டயா வச்சிருந்தீங்க?" என்று கத்தினாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளே மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் பார்த்துவிட்டு பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவள் என் பழைய மாணவி. டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டு, "டிஸ்க் நல்லாகீது சார். ஆபரேஷன்லாம் வாணாம். இடுப்புதான் இறுகிப்போயிருக்கு. அது திரும்பாததால அதோட வேலையையும் முதுகே சேத்து செய்யுது. கால் மரத்துப்போறதும் அந்த இறுக்கத்தாலதான்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. மாஸ்டர் என்ற கெத்து மட்டும் இல்லையென்றால் அங்கேயே அழுதிருப்பேன்.

"முட்டிய மடக்காம குனிங்க சார்" என்றாள். என் கை முட்டியோடு நின்றுவிட்டது.

"போதும் சார். நான் உங்கள கிரவுண்ட சுத்தி ரெண்டு ரவுண்டு ஓடச் சொல்லமாட்டேன்."

எத்தனை முறை அவளை ஓடவிட்டிருப்பேன்! கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

அவள் சொல்லிக்கொடுத்தது இரண்டே பயிற்சி. சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, முட்டியை லேசாகத் தளர்த்தி, முதுகு வளையாமல் இடுப்பைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொட வேண்டும். பிறகு தோளின் குறுக்கே ஒரு கழியை வைத்துக்கொண்டு மெல்லத் திரும்ப வேண்டும். தினமும் காலையில் செய்தேன். "வெள்ளையடிச்சி ஒரு மாசம் ஆவல, சுவத்த இன்னாத்துக்கு இடிக்கிறீங்க?" என்று மனைவி திட்டினாள். திட்டிக்கொண்டே எண்ணிக்கையும் சொன்னாள். சித்திரையில் கால் மரத்துப்போவது நின்றது. ஆடியில் ஒருநாள் பிள்ளைகள் முன் குனிந்தபோது விரல்நுனி ஷூவைத் தொட்டது. அன்று மைதானத்தில் பிள்ளைகள் கைதட்டிய சத்தத்தில் ஹெட்மாஸ்டரே எட்டிப் பார்த்தார்.

இந்தப் பொங்கலுக்கும் மாப்பிள்ளை வந்தார். அதே வயல், அதே மட்டை. பின்னால் சுவர் இருப்பதாக நினைத்து இடுப்பைத் தள்ளி நின்றேன். திரும்பி வீசினேன்.

"மாமா! எங்க போச்சி பாத்தீங்களா?" என்று மாப்பிள்ளை கத்தினார். எல்லோரும் கையை நெற்றியில் வைத்துப் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

பந்தைப் பார்க்காத இன்னொரு ஆள் என் மனைவி. அவள் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.