சாக்ஸபோனும் என் கைத்தாளமும்

பாட்டுக் கேட்டால் என் கை சும்மா இருக்காது. தொடையில் ஒரு தட்டு, பிறகு விரல் எண்ணிக்கை, பிறகு தட்டிவிட்டு உள்ளங்கையை மேலே திருப்பும் வீச்சு. சிறுவயதில் கோவிலில் பழகியது. கடைகளுக்குச் சாமான் ஏற்றும் வான் ஓட்டும்போது சிவப்பு விளக்கில் நின்றாலும் ஸ்டியரிங்கில் அது நடந்துகொண்டிருக்கும். நான் இலங்கையில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன், சங்கீதம் படித்தவன் அல்ல. தாளம் மட்டும் எப்படியோ கையோடு ஒட்டிக்கொண்டது. என் மகள் கோவிலில் தேவாரம் பாடத் தொடங்கிய காலத்தில் நான் முன்னால் இருந்து தாளம் போடுவேன். அவள் கண்ணை என் கையிலேயே வைத்துக்கொண்டு பாடுவாள்.

அந்தக் கைதான் பிறகு அவளுடைய ஜாஸைக் குழப்பியது. பிள்ளைகளே, நீங்களும் அப்பா அம்மா முன்வரிசையில் இருக்க மேடையேறுகிறவர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது பள்ளிக்கூடம் ஒரு சாக்ஸபோனை இரவலாகக் கொடுத்தது. வாசிக்கும்வரை வைத்திருக்கலாம். வாசிக்காவிட்டால் பள்ளிக்கூடத்தின் மூன்றுமாதத் தவணை முடிவில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதற்காக வேறு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரை நினைத்து என் மனைவி ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுத்தான் அவளை வாசிக்க விடுவாள். சுவர் வழியாகவே சத்தம் போகும் என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

நான் ஒரு பாட்டை எதிர்பார்த்தேன். வந்ததோ பாட்டுப் போலவே இல்லை. வேகமாக ஓடும், திடீரென்று வளையும், முடியப்போகிறது என்று நினைக்கும் இடத்தில் முடியாது, இன்னும் வரும் என்று காத்திருந்தால் நின்றுவிடும். பிழையாக வாசிக்கிறாள் என்றே நினைத்தேன். கேட்டபோது, "இது பீபொப் அப்பா, இது இப்பிடித்தான்" என்றாள்.

அவள் சொல்லி நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். இரண்டாம் உலக யுத்தம் நடந்த காலத்தில் அமெரிக்காவில் ஜாஸ் என்றால் பெரிய வாத்தியக் குழுக்கள், சனங்கள் ஆடுவதற்கான இசை. தினமும் ஒரே பாட்டை ஒரே மாதிரி வாசித்துச் சலித்துப்போன சில கறுப்பின இளைஞர்கள், வேலை முடிந்த பிறகு நியூயோர்க்கின் சின்ன மண்டபங்களில் கூடித் தங்களுக்காக வாசித்தார்கள். நாலைந்து பேர் போதும். ஒரு சாக்ஸபோன், ஒரு ட்ரம்பெட், பியானோ, பேஸ், ட்ரம்ஸ். எல்லாருக்கும் தெரிந்த பழைய பாட்டுக்குப் பியானோவில் சேர்த்து அழுத்தும் சுருதிக்கூட்டுகளின் வரிசையை அப்படியே அடியில் வைத்துக்கொண்டு, மேலே முற்றிலும் புதிய மெட்டைப் போட்டார்கள். ஆடமுடியாத வேகம். வந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்கள். பீபொப் என்ற பெயர்கூட, நாங்கள் வாயால் தகதிமி என்று சொற்கட்டுச் சொல்லுவதுபோல, அவர்கள் மெட்டை வாயால் சொன்ன சத்தத்திலிருந்து வந்ததாம். தேவாரத்தில் ஒரே பண்ணில் பல பதிகங்கள் பாடுவதுபோலத்தானே இதுவும் என்றேன். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை, ஆனால் கிட்ட வந்துவிட்டீர்கள் என்றாள்.

பிறகு தென் லண்டனில், ஸ்ட்ரெதமில் ஒரு பப்பின் மேல்மாடியில் ஞாயிறு பின்னேரங்களில் இளம் பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்று பள்ளிக்கூட ஆசிரியர் அவளை அனுப்பினார். அங்கே ஒரு முறை உண்டு. குழுவை நடத்தும் தலைவர் பாட்டின் பெயரைச் சொல்லுவார், எல்லாரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராக முன்னுக்கு வந்து சொந்தமாக வாசிக்கவேண்டும். பாட்டின் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை ஒருவரும் காட்டித்தர மாட்டார்கள், தலைக்குள்ளேயே வைத்திருக்கவேண்டும்.

நான் மச்சானையும், அதாவது என் மனைவியின் தம்பியையும், கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருந்தேன். மகள் முன்னுக்கு வந்ததும் என் கை தொடங்கிவிட்டது. கோவிலில் போடுவதுபோலச் சத்தமாக, நாலு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் தட்டினேன். மச்சானும் சேர்ந்துகொண்டார். பின்னால் இருந்த சிலரும் எங்களைப் பார்த்துத் தட்டினார்கள். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. மகள் என் கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய விரல்கள் தயங்கின. பியானோ ஒரு இடத்துக்குப் போக, அவள் வேறு இடத்தில் நின்றாள். பிறகு வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பின்னுக்குப் போய்விட்டாள்.

வீடு வரும்வழியில் மச்சான் தேற்றப் பார்த்தார். "அந்த ட்ரம்ஸ்காரப் பெடியன்தான் தாளம் விட்டவன். நான் கவனிச்சுக்கொண்டுதான் இருந்தனான்" என்றார்.

"மாமா, அவன் சரி" என்றாள் மகள். "ட்ரம்ஸ் ஒரு பக்கம் போகுது, அப்பான்ர கை ஒரு பக்கம் போகுது. நான் கையைப் பார்த்திட்டன்."

அதற்குப் பிறகு அவள் பெட்டியைத் திறக்கவில்லை. வாசலில் சப்பாத்து அடுக்குக்குக் கீழே அது கிடந்தது. அம்மா கேட்டதற்கு, தவணை முடியத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன், எனக்கு இது சரிவராது என்றாளாம். வீட்டில் ஜன்னல்கள் திறந்தே இருந்தன. பக்கத்து வீட்டு மனிசி பிள்ளைக்குச் சுகமில்லையா என்று விசாரித்தா.

நான் வானில் அந்த இசையைப் போட்டுக் கேட்கத் தொடங்கினேன். சாமான் இறக்கப் போகும் கடைகளுக்கு இடையில் கேட்டேன். ஒவ்வொருமுறையும் என் தாளம் தவறியது. ட்ரம்ஸில் காலால் மிதித்தால் 'சிக்' என்று மூடிக்கொள்ளும் இரண்டு பித்தளைத் தட்டுகள் உண்டு. அந்தச் சிக் நான் தட்டும் இடத்தில் வரவே இல்லை. வட லண்டனில், எட்மண்டனில் ஒரு கடைக்குப் பின்னால் இடம் கிடைக்கும்வரை காத்திருந்தபோது என் கையைக் குனிந்து பார்த்தேன். தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. சிக் விழுந்தது வீச்சில். என் கை சத்தமில்லாமல் மேலே திரும்பும் இடத்தில்தான் அவர்கள் சத்தம் போடுகிறார்கள்.

அன்று குசினியில் மகளிடம் இதைச் சொன்னேன். நம்பாமல் பார்த்தாள். கையைக் காட்டச் சொன்னாள். தன் ஃபோனில் பாட்டைப் போட்டாள். நான் தொடையில் தட்டாமல், வீச்சு வரும்போது மட்டும் மேசையில் தட்டப் பார்த்தேன். மூன்று தட்டுக்குப் பிறகு பழைய இடத்துக்கே போய்விட்டேன். அவள் சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"அப்பா, உங்களுக்கு ஏலாது" என்றாள்.

"ஏலும். மெதுவாப் போடு."

ஃபோனில் மெதுவாகப் போட முடியவில்லை. எழும்பி வாசலுக்குப் போனாள். பெட்டியின் கொளுக்கி திறக்கும் சத்தம் கேட்டது. மனைவி என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

எனக்குத் தாளம் பழக்கத்தான் அவள் அன்று வாசித்தாள். அடுத்த நாளும் அப்படித்தான் தொடங்கினாள். நான் வேலையால் வந்து தேத்தண்ணி குடிக்கும்போது மேசைக்கு எதிரில் நின்று மெதுவாக வாசிப்பாள், நான் வீச்சில் தட்டுவேன். நான் தவறினால் அவள் நிற்கக்கூடாது என்பது அவளே வைத்த சட்டம். நான் அடிக்கடி தவறினேன். முதலில் அவளும் என்னோடு தடுமாறினாள். பிறகு தடுமாறவில்லை. சில நாளில் வேகத்தைக் கூட்டினாள், என்னால் பிடிக்க முடியவில்லை, நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கேட்டேன்.

தவணை முடிவதற்கு முந்தின ஞாயிறு, தான் ஸ்ட்ரெதமுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். நானும் வரலாமா என்று கேட்டேன்.

"வாங்கோ. கடைசி வரிசை. கையிரண்டும் தொடைக்குக் கீழ."

அப்படியே இருந்தேன். உண்மையாகவே கைகளின்மேல் உட்கார்ந்திருந்தேன், பக்கத்திலிருந்த வெள்ளைக்காரர் எனக்குக் குளிர்கிறதா என்று கேட்டார். மகள் முன்னுக்கு வந்தாள். முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றின் நடுவில் அந்த ட்ரம்ஸ்காரப் பெடியன் எதிர்பாராத இடத்தில் 'டும்' என்று ஒரு அடி போட்டான். பீபொப்பில் அப்படிப் போடுவார்கள், வாசிக்கிறவரைச் சீண்டுவதற்கு. என் எண்ணிக்கை அங்கேயே போய்விட்டது. அவளைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். அந்த அடியைத் தாண்டி, வளைந்து, தன் வரியை ஓட்டிக்கொண்டு போய், இன்னும் வரும் என்று நான் நினைத்த இடத்தில் நிறுத்தினாள். தலைவர் தலையை ஆட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குத் தொடைக்கு அடியில் கை விறைத்துப்போயிருந்ததால் தட்டக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

வீடு வரும்வழியில் அடுத்தமுறை மாமாவையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றாள். அவருடைய கையைக் கட்டிவிட்டுத்தான் கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம்.

திங்கட்கிழமை காலை சாக்ஸபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். திருப்பிக் கொடுக்கத்தானோ என்று தெரியாமல் நான் வானை எடுத்தேன். பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது பெட்டி அடுக்குக்குக் கீழே பழைய இடத்தில் இருந்தது. என் சப்பாத்து வைக்க இடமில்லை. வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.