பதினெட்டு கிலோ

எங்கள் அலுவலகத்தில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கும் அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கைக்கு வந்த எதையும் உடனே கீழே வைக்க மாட்டாள். இடது உள்ளங்கையை அடியில் கொடுத்து, முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மின்விசிறிப் பக்கம் உயர்த்தி ஒரு கணம் நிற்பாள். அப்புறம் எடை சொல்வாள். சாப்பாட்டு டப்பா நானூற்றிருபது கிராம். என் பையில் இருக்கும் கவிதைப் புத்தகம் நூற்றெண்பது. "பாதிக்கு மேல வெள்ளைத் தாள். இதை எதுக்குடா சுமக்கிறே?" என்பாள். பேக்கிங் பிரிவின் எந்திரத்தில் வைத்துப் பார்த்தால் பத்து கிராமுக்கு மேல் தப்பாது. தராசக்கா என்ற பெயர் அப்படி வந்தது.

நாங்கள் செய்வது தண்ணீர்ப் பம்புகளுக்கான ரப்பர் சீல். உள்ளங்கை அகலத்தில் கறுப்பு வளையங்கள். அதில் பாதிக்கு மேல் ஒரே நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரோடு அக்கா பதினோரு வருடம் போனில் பேசியிருக்கிறாள், முகம் பார்த்ததில்லை. அவருடைய கிடங்கு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது, மூட்டுவலி உண்டு. அதனால் எந்தப் பெட்டியும் பதினெட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. பெட்டியின் விவரச் சீட்டை அகலப் பக்கத்தில் ஒட்டாமல் குறுகிய பக்கத்தில் ஒட்ட வேண்டும், அடுக்கிய பிறகும் படிக்கத் தெரிவதற்காக. மற்ற எல்லாருக்கும் இருபத்தைந்து கிலோ, அகலப் பக்கம். அவருக்கு மட்டும்தான் இந்தச் சலுகை.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நாட்டின் மேல் வர்த்தகத் தடை வந்தது. எங்கோ நடந்த சண்டை எங்கள் பேக்கிங் அறை வரைக்கும் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. வியாழக்கிழமை வங்கி எங்கள் காகிதங்களைத் திருப்பியது. சனிக்கிழமை கப்பல்காரர்கள் சரக்கை ஏற்ற முடியாது என்றார்கள். முந்நூறு பெட்டிகள், ஒவ்வொன்றும் பதினெட்டு கிலோ, சுவரோரம் அப்படியே நின்றன.

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். இரண்டு மாதத்துக்குள் புதிய வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் இரண்டாவது ஷிப்டை நிறுத்த வேண்டியிருக்கும் என்றார். ரப்பரை வளையமாக வார்க்கும் அச்சு எந்திரங்களில் நாற்பது பேருக்கு வேலை அந்த ஷிப்டில்தான். அக்காவின் கணவரும் அதில் ஒருவர்.

அந்த நாளிலிருந்து அவளுக்கு நாற்காலி சுட்டது. உட்காருவாள், எழுவாள், ஜன்னல் வரை போய் லாரி எதுவும் வராத வாசலைப் பார்த்துவிட்டு வருவாள். தடைப் பட்டியல் காலையில் ஒருமுறை வரும். அவள் நாலு முறை பார்ப்பாள். போன் அடித்தால் மூன்றாவது மணிக்குள் எடுத்துவிடுவாள். பெரியவர் கூப்பிடவில்லை. முதலாளியின் மகன், நாங்கள் சின்னவர் என்போம், வெளிநாட்டில் நடந்த கண்காட்சிக்குப் போனார். அங்கிருந்து மணிக்கொரு தரம் ஒரு படம் அனுப்பு, ஒரு அளவு அனுப்பு, ஒரு பழைய ஃபைல் அனுப்பு என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கேட்டதையெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம் ஆர்டர் வந்தது. தடை இல்லாத வேறொரு நாடு, கேள்விப்படாத பெயர். ஒரு வருடத்துக்கு இரண்டாவது ஷிப்ட் ஓடும் அளவு. செய்தி எப்படித்தான் கசிந்ததோ, சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் கணவர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். "உங்க தராசக்காகிட்ட சொல்லு தம்பி, இன்னைக்கு வீட்டுல எனக்கும் கொஞ்சம் மரியாதை கூடணும்னு" என்றார். அக்கா சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் பார்த்த சிரிப்பு.

ஆர்டரின் கடைசிப் பக்கத்தைப் படித்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. பெட்டி பதினெட்டு கிலோவுக்குள். சீட்டு குறுகிய பக்கத்தில்.

ஆர்டரோடு ஒரு உறுதிமொழிக் காகிதம் போக வேண்டும். இந்தச் சரக்கு தடையுள்ள நாட்டுக்குப் போகாது என்று எங்களுக்குத் தெரிந்தவரை சொல்கிறோம் என்பது அதன் சாரம். வங்கியில் பதிவான கையெழுத்து அக்காவுடையது. அவள் பேனாவை எடுத்தாள், அதையும் ஒரு கணம் எடை பார்த்தாள், வைத்துவிட்டு முதலாளியின் அறைக்குப் போனாள். தாள்களைக் கொடுக்கும் சாக்கில் நானும் கதவருகே நின்றேன்.

"வாங்குறவன் சொல்றதுதாம்மா நமக்குத் தெரியும். அதுக்கு மேல நாம எதைக் கண்டோம்?" என்றார் முதலாளி.

"எனக்குத் தெரியுதே சார். இது அந்தப் பெரியவரோட மாடிப்படி. சரக்கு சுத்திக்கிட்டு அங்கேதான் போகும்."

ஒரு வாரம் கேட்டாள் அவகாசம். புதியவர்களுக்கு எழுதினாள்: உங்கள் கிடங்கு எந்த மாடியில்? ஏன் பதினெட்டு கிலோ? மறுநாளே பதில் வந்தது. கிடங்கு தரைத்தளம்தான், பாரம் தூக்கும் வண்டி இருக்கிறது, எந்த எடையானாலும் எங்களுக்குச் சரி.

அக்கா அதை என்னிடம் காட்டினாள். "கேட்டதும் விட்டுட்டாங்க பாரு. இது அவங்க போட்ட நிபந்தனையே இல்ல."

அந்த வாரம் அவள் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவள் சொன்ன துண்டு துக்கடாக்களிலிருந்துதான் அறிவேன். கணவர் முதலில் கேலி பேசினாராம், அப்புறம் கெஞ்சினாராம், கடைசியில் பேசுவதையே விட்டுவிட்டாராம். பம்புக்குப் போகிற வளையம், தண்ணீர்தானே வரப்போகிறது, யார் குடித்தால் என்ன என்று கேட்டாராம். சீட்டு அச்சடிக்கும் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, அவள் கால் மேசைக்கு அடியில் தரையைத் தட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டாள். முதலாளி திட்டவில்லை. இன்னொருவரை வைத்துப் போட்டுவிடலாம் என்று சின்னவர் சொன்னபோது அவர்தான் மறுத்தார். நம் பெயரே தடைப் பட்டியலில் ஏறினால் முதல் ஷிப்டும் போகும் என்று பயந்தார். "பதினோரு வருஷத்துல அந்தப் பொண்ணு எடை தப்பினதில்ல" என்றார். ஆர்டரைத் திருப்பினார்கள். மாதக் கடைசியில் இரண்டாவது ஷிப்ட் நின்றது.

முதலாளி இப்போது ஒரு விதி வைத்திருக்கிறார்: ஒரே நாட்டுக்கு மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் கிடையாது. ஆறு நாடுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. அக்காவுக்கு ஆறு மடங்கு காகிதம். அவள் கணவர் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். போன மாதம் வழியில் பார்த்தேன். பின் கதவைத் திறந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். "எல்லாம் முப்பது கிலோ தம்பி. பதினெட்டு கிலோவுக்கு ஒருத்தி என்னையே தூக்கி வெளியே வெச்சா" என்றார். சிரிக்கலாமா என்று தெரியாமல் ஒரு பெட்டிக்குக் கை கொடுத்தேன்.

நேற்று கணினியில் இடம் போதவில்லை என்று பழைய மின்னஞ்சல்களை அழித்துக்கொண்டிருந்தேன். கண்காட்சியின் மூன்றாம் நாள் சின்னவர் எழுதியிருந்தார்: 'பழைய கொட்டேஷன் ஏதாவது ஒண்ணு அனுப்பு, பேரை மாத்திக்கிறேன்.' நான் கையில் அகப்பட்டதை அனுப்பியிருக்கிறேன். அது கிடங்குப் பெரியவருக்குப் போட்ட விலைப்பட்டியல். அதைத் திருத்திப் புதியவர்களுக்கு அவர் அனுப்பியதன் நகலும் எனக்கு வந்திருந்தது, இதுவரை திறக்கப்படாமல். பெயர் மாறியிருந்தது, விலை மாறியிருந்தது. கடைசிப் பக்கத்தைச் சின்னவர் தொடவில்லை. பெட்டி பதினெட்டு கிலோவுக்குள், சீட்டு குறுகிய பக்கத்தில். புதியவர்கள் தங்கள் ஆர்டரில் அதைப் பார்த்து எழுதியிருந்தார்கள்.