முப்பத்தேழு மில்லிசெகண்ட்

கதவுகளுக்கு அட்டை படிக்கும் கருவி செய்கிற அந்தச் சின்னக் கம்பெனியில் அவள் பதினோரு வருஷம் சோதனைப் பிரிவில் இருந்தாள். செருகு, பிடுங்கு, மறுபடி செருகு என்று ஒரே வேலை. அந்தக் கருவிகளுக்கு டிரைவர் என்கிற நிரலை எழுதிக்கொண்டிருந்தவர் வேறிடம் போனதும், "நான் கத்துக்கறேன் சார்" என்று மேலாளரிடம் போய் நின்றது அவளேதான். அப்போது வயது நாற்பத்தொன்று. அவர் மூன்று மாதம் கொடுத்தார். "முடியலன்னா சோதனைப் பிரிவுல உங்க பழைய சீட்டு இருக்கு, கவலப்படாதீங்க" என்று ஒரு குத்தும் சேர்த்தே கொடுத்தார்.

கருவிக்கும் கணினிக்கும் நடுவே நின்று, ஒன்றின் பேச்சை மற்றதற்குப் புரியவைக்கிற நிரல்தான் டிரைவர். அவள் எழுதிய முதல் டிரைவருக்குக் கருவியே கிடையாது. ஏற்றினால் 'வந்தேன்' என்று ஒரு வரி வரும், இறக்கினால் 'போகிறேன்' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். இரண்டாவது டிரைவர் கணினியையே மரக்கட்டையாக்கிவிட்டது. சாதாரண நிரலில் தப்பு செய்தால் அந்த நிரல் மட்டும் விழும். இங்கே வீடே சரியும். அன்று ஒரே நாளில் ஒன்பது தடவை கணினியை அணைத்துப் போட்டாள்.

கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "உன் மருமக இப்ப மெஷினோட பேசறாம்மா" என்றார் தன் அம்மாவிடம்.

"எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேச நேரமில்ல, மெஷினோட பேசறாளாக்கும்!"

அட்டைக் கருவிக்கு எழுத உட்கார்ந்தபோது, முகம் தெரியாத யாரோ இணையத்தில் எல்லோருக்குமாகப் போட்டிருந்த மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டாள். அதில் குற்றமில்லை, பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். கருவிக்கு மின்சாரம் கொடுத்த பிறகு முப்பத்தேழு மில்லிசெகண்ட் காத்திருந்துவிட்டுப் பேச்சைத் தொடங்கு என்று அதில் ஒரு வரி இருந்தது. ஏன் முப்பத்தேழு என்று எழுதியவர் சொல்லவில்லை. ஓடுகிற வண்டியில் எதற்குக் கைவைப்பானேன் என்று அவளும் அதைத் தொடவில்லை. அட்டையைக் காட்டினாள். பூட்டு 'டக்' என்று திறந்துகொண்டது. கண் கலங்கிவிட்டது.

எழுதியதை எல்லோருமாக உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்கிற கூட்டம் அடுத்த நாள். புதிதாகச் சேர்ந்திருந்த பொறியாளர் பெண்ணுக்கு ஆபீசில் 'கேள்வித்தாள்' என்று பெயர். அவள்தான் கேட்டாள்.

"அதென்னக்கா முப்பத்தேழு? நாப்பதுன்னு போட்டா கோச்சுக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். 'தெரியாது' என்று சொல்ல அரை நொடி போதும். அந்த அரை நொடியில் பழைய சீட்டு கண்முன் வந்து நின்றது.

"அளந்து பார்த்தேன். முப்பத்தாறுல தப்பு வருது."

"பாத்தீங்களா, வேலைன்னா இப்படி இருக்கணும்!" மேலாளர் மேசையைத் தட்டினார்.

தெரியாததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரியாததற்குச் சட்டை மாட்டி, தெரிந்ததாகச் சபையில் உட்கார வைத்ததுதான் அவளைக் குடைந்தது. குடைந்தாலும், வீட்டுக்குப் போய்ப் பாராட்டை மட்டும்தான் சொன்னாள்.

பொய் சும்மா கிடக்கவில்லை. கருவிக்குள் இருக்கும் சிப்பின் கையேட்டில் ஐந்து மில்லிசெகண்ட் போதும் என்று இருந்தது. ஐந்து எங்கே, முப்பத்தேழு எங்கே? அப்படியானால் கோளாறு அந்தச் சிப்பைப் பொருத்தியிருக்கும் மின்சுற்றுப் போர்டில்தான் என்று மேலாளர் கணக்குப் போட்டார். போர்டை வடிவமைத்தவரை எல்லோரும் போர்டுக்காரர் என்பார்கள். ஐம்பது தாண்டியவர். மூன்று வாரம் அவர் அந்தக் கோளாற்றைத் தேடினார். அவர் அறையைத் தாண்ட மனமில்லாமல் அவள் தண்ணீர் பிடிக்க மாடிக்குப் போனாள்.

கடைசியில் அவரே வந்தார், கையில் இரண்டு போர்டுகளோடு.

"ஏம்மா, அந்த முப்பத்தாறுல வர்ற தப்ப ஒருதரம் காட்டேன். நான் பார்த்தா மூணுலயே போர்டு எழுந்து நிக்குது. நீ அளந்து சொல்லியிருக்கே, அப்ப நம்ம மீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு வேற ஒண்ணு இரவல் வாங்கிப் பார்த்தேன். அதுவும் மூணுங்குது. இப்ப என் கண்ணு மேலயே சந்தேகம் வந்துடுச்சு. வயசாச்சு பாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் அளக்கலண்ணே."

"என்னது?"

"அளக்கவே இல்ல. எடுத்த இடத்துல அப்படி இருந்துச்சு. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவர் திட்டவில்லை. கையிலிருந்த போர்டுகளையே பார்த்தார். "எங்கிட்ட சொல்லிட்டே. என் போர்டு கெட்ட பேரு வாங்கினது அந்தக் கூட்டத்துலம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியமே மேலாளரிடம் சொல்லி எல்லோரையும் கூட்டினாள். நான்கே வாக்கியம். கேள்வித்தாள் குனிந்து தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்டுக்காரர் சுவரைப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை வரி இப்படி இருக்கு?" என்றார் மேலாளர்.

"தெரியல சார். பார்த்துத்தான் சொல்லணும்."

"பாருங்க. அப்புறம் சீட்டப் பத்திப் பேசலாம்."

நானூறு சொச்சம் வரிகளையும் அச்செடுத்து, காரணம் சொல்லத் தெரியாத ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புக் கோடு இழுத்தாள். அறுபத்தொரு கோடுகள். அவற்றில் பதினாறு போர்டு சம்பந்தப்பட்டவை. அந்தத் தாள்களை மேலாளரிடம் கொடுப்பதற்குமுன் போர்டுக்காரர் அறை வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, இது பதினாறும் எனக்குத் தெரியாது."

அவர் திரும்பவில்லை. பற்றவைத்துக்கொண்டிருந்த கம்பியிலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

"அங்க வெச்சுட்டுப் போ."

வைத்துவிட்டு வந்தாள். அவர் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று குறைப்பட்டுக்கொள்ள அவளுக்கு வாயில்லை.