தங்கப்பல்லும் சாம்பல் நரியும்

அந்தோனியம்மாவின் கை கொழுந்து பறிக்கும், வாய் கதை சொல்லும். கைக்காக வாய் நின்றதும் இல்லை, வாய்க்காகக் கை நின்றதும் இல்லை. வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், எழுபதுகள் முடிகிற நேரத்தில், மலையேறும் பெண்கள் எல்லாரும் அவளுக்குப் பக்கத்து நிரை கிடைக்கத்தான் முண்டியடித்தார்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவளைக் கைவிட்டது. படக்கதை படிக்க அதற்கு மேல் படிப்பெதற்கு என்பது அவள் கட்சி. ஸ்டேஷனுக்கு எதிர்க் கடையில் சீனியையும் கருவாட்டையும் பழைய படக்கதைத் தாளில்தான் சுற்றித் தருவார்கள். சீனியை டின்னில் கொட்டிவிட்டுத் தாளை அடுப்பு மேட்டில் காயவைப்பாள். கருவாட்டுத் தாளென்றால் இன்னும் ஒரு நாள் கூடுதலாகக் காயும். சேர்ந்ததை ஊசி நூலால் தைத்துக் கட்டாக்கிக் கூடைக்குள் வைத்திருப்பாள். அதனால் அவள் கதையில் இளவரசி அழுகிற இடத்தில்கூடக் கருவாடு மணக்கும். நடுவில் பக்கம் இல்லையென்றால் கவலையில்லை. கடைக்காரன் கிழித்ததை அவள் வாய் ஒட்டிவிடும். எது அச்சில் இருந்தது, எது அவள் அடித்துவிட்டது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் கட்டின் ராஜா சாம்பல் நரி. அவன் ஒரு திருடன். பணக்காரன் பெட்டியை மட்டும் உடைப்பான். போகும்போது சுவரில் இரண்டு கூர்க் காதும் ஒற்றைக் கண்ணும் வரைந்துவிட்டுப் போவான். அவனைப் பிடிக்க வெள்ளைக் குதிரையில் ஒரு கேப்டன் வருவார், அவர் ரொம்ப நல்லவர். இந்த இரண்டு பேரையும் ஒழிக்கப் பார்க்கிறவன் தங்கப்பல் பிரபு.

வயதில் மூத்த வீரம்மா கேப்டன் பக்கம். திருட்டுப் பயலுக்கு இத்தனை புகழ்ச்சியா என்று தினமும் சண்டைக்கு நிற்பாள்.

"கேப்டன் நல்லவருதான் அக்கா. அவரு குதிரைக்குப் புல்லு அறுக்கிறது யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்பாள் அந்தோனியம்மா. வீரம்மா அடுத்த சண்டையை ஒரு நிரை தாண்டித்தான் தொடங்குவாள்.

மலையில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை சோலைமலைக்கும் ஒரு தங்கப்பல் இருந்தது. அட்டன் டவுனில் போய்க் கட்டிக்கொண்டு வந்தது. அது அந்த மனிதன் செய்த தப்பில்லை. ஆனால் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் பெண்கள் குனிந்துகொண்டு தோள் குலுங்கினார்கள். அந்தோனியம்மா அதோடு விட்டாளா? படத்திலிருந்த பிரபுவுக்குப் பென்சிலால் சோலைமலையின் மீசையையும் போட்டுவிட்டாள். சோலைமலையோ நிரையின் முனையில் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னைவிட அதிக நேரம் நிற்கத் தொடங்கியிருந்தார். வேலையைக் கண்காணிக்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது அவர் அவள் கூடையைக் கவிழ்த்தார். கொழுந்தோடு கட்டும் விழுந்தது. புரட்டினார். மீசை வைத்த பக்கம் வந்தது. பிறகு தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்த அடுப்புக்குள் அந்தத் தாள் கட்டை அப்படியே செருகினார்.

"இனிமே கூடையில கொழுந்து மட்டுந்தான் இருக்கணும். இன்னைக்கி ஒனக்கு அரைப் பேருதான்."

முழு நாள் வேலைக்கு அரை நாள் சம்பளம். அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அவளால் பொறுக்க முடியாதது வேறு. அன்று காலையில்தான் கதையில் நரியைப் பிரபுவின் கோட்டைக்குள் கையைக் கட்டிப் போட்டிருந்தாள். மிச்சம் நாளைக்கு என்று பெண்களிடம் சொல்லியிருந்தாள். மறுநாள் எல்லாரும் கேட்டார்கள். அவள் கதைக்கு வாயைத் திறக்கவில்லை, இதை மட்டும் சொன்னாள்.

"இவன் பல்லைப் புடுங்கின பெறகுதான் நரி வெளியே வருவான். அதுவரைக்கும் உள்ளேயே கெடக்கட்டும்."

கை மட்டும் வேலை செய்தது. மலை முழுக்க ஊமையானது போலிருந்தது.

தீபாவளிக்கு முன்னால், தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்கு வெள்ளையடிக்கத் தோட்டத்திலிருந்து சுண்ணாம்பு கொடுப்பது வழக்கம். நல்ல சுண்ணாம்பென்றால் சுவரில் சாய்ந்தவன் முதுகு வெள்ளையாகிவிடும். அந்த வருஷம் சாய்ந்தால் முதுகு ஈரமானது, அவ்வளவுதான். சுண்ணாம்பு மூட்டைகள் சோலைமலை தயவில் டவுன் கடைக்கு விலையாக இறங்கிப்போன கதை எல்லா லயத்துக்கும் தெரியும். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் சொல்லத்தான் ஆளில்லை. சொன்ன வாய்க்கு மறுநாள் வேலை இருக்காது.

வாய் சொன்னால்தானே? சுவர் சொன்னால் கணக்கப்பிள்ளை யார் பேரை வெட்டுவான் என்று யோசித்தாள் அந்தோனியம்மா.

கூரைத் தகரத்துக்குத் தார் பூசுகிற மூக்கனிடம் போய்க் கொஞ்சம் தார் கேட்டாள். வீட்டில் ஒழுகுகிறது என்றாள். போன வாரந்தானே அடைத்தேன் என்றான் மூக்கன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான், ஒரு சிரட்டை நிறைய ஊற்றிக் கொடுத்தான்.

அவளுக்குக் கைக்குழந்தை. பால் கொடுக்கிற தாய்மார் பகலில் ஒரு தடவை மலையிலிருந்து இறங்கி, ஆயா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவுக்குப் போய்வரலாம். அந்த வழி, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தின் பின்பக்கமாகப் போகிறது. அந்த நேரத்தில் அங்கே ஒரு காக்கைகூட இருக்காது. பிள்ளைக்குப் பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, ஆயாவிடம் கொடுத்துவிட்டு வந்தவள், தினமும் காலையில் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிற களத்துச் சுவரில், கதவு உயரத்துக்கு இரண்டு காதும் ஒரு கண்ணும் போட்டாள். விரலெல்லாம் தார். கொழுந்து பறிக்கிறவள் விரல் எந்தக் காலத்தில் வெள்ளையாக இருந்தது? மலையேறி மறுபடி நிரைக்குள் நின்றபோது ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் பெரட்டில் மூடுபனி விலக விலக நரி வெளியே வந்தான். முதலில் காது, அப்புறம் கண். ஆண்களும் பெண்களும் தங்கள் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சோலைமலை கத்தினார். யார் வேலை என்று கேட்டார். வெள்ளையடிக்கச் சொல்லி மூக்கனை ஏவினார். மூக்கனும் இருந்த தண்ணிச் சுண்ணாம்பை ரொம்ப மரியாதையாக அடித்தான். பவுடர் போட்ட மாதிரி நரி இன்னும் அழகானான். மறுபடி அடித்தான். சாயங்காலம் ஐப்பசி மழை வந்து பவுடரையும் கழுவிவிட்டுப் போனது.

துரை பெரட்டுக்கு வந்த காலையில் சுவர் முழுக்க நரிதான்.

"என்ன இது? ஸ்டோர்ல சுண்ணாம்பு இருக்குதானே, கெட்டியா அடிங்க" என்றார் துரை. சோலைமலை நகரவில்லை. சுண்ணாம்பு எங்கே என்று துரை திரும்பக் கேட்டார்.

அப்போது கூட்டத்திலிருந்து வெளியே வந்தது அந்தோனியம்மா இல்லை, கேப்டன் கட்சிக்காரி வீரம்மா. வந்து, வெள்ளையடித்த இடமாகப் பார்த்துச் சுவரில் முதுகை நன்றாகத் தேய்த்தாள். திரும்பி நின்று முதுகிலிருந்த கறுப்புக் கம்பளியைத் துரைக்குக் காட்டினாள்.

"பாருங்க தொரை, ஒட்டவே இல்ல. எங்க லயத்துல அடிச்சதும் இதே தண்ணிதான்."

ஸ்டோரைத் திறந்தார்கள். உள்ளே காலிச் சாக்குகள் அடுக்காக இருந்தன.

சோலைமலையை உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குக் கீழ்வேலைக்கு மாற்றினார்கள். அவர் சாமான் ஏற்றிய லொறி பாதையில் நின்றபோது அந்தோனியம்மா கூடையோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். லொறி உச்சியில் அவருடைய சாய்மனை நாற்காலி காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. அவர் அவளைக் கூப்பிட்டார். அதுவரை "ஏய் புள்ள" என்று கூப்பிட்டவர், அன்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"அந்தோனியம்மா... அந்த நரி கோட்டைக்குள்ள மாட்டிக்கிட்டான்ல. கடேசியில தப்பிச்சானா?"

நிரை முனையில் அவர் எதற்காக நின்றார் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஒரு கணம் மனசு இளகத்தான் செய்தது. முடிவு நாக்கு நுனியில் இருந்தது. சொல்ல அரை நிமிஷம் போதும். உடப்புசல்லாவைப் பாதை நெடுக அந்த ஆள் அதைச் சப்பிக்கொண்டு போயிருப்பார். அடுப்பில் சுருண்ட தாள் ஞாபகம் வந்தது. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு எப்படிங்க ஐயா தெரியும்? கடேசிப் பக்கம் நீங்க எரிச்சதுல இருந்துச்சு."

அந்தக் கட்டுக்குள் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

லொறி வளைவு தாண்டும்வரை நின்றுவிட்டு மலையேறினாள். பெண்கள் காத்திருந்தார்கள். கை வேலையைத் தொடங்கியது, வாயும் கூடவே தொடங்கியது. நரி பல்லால் கயிற்றைக் கடித்து அறுத்தான், மதிலேறினான், பிரபுவின் கட்டில் பக்கத்தில் கத்தியோடு போய் நின்றான். சுவரில் காதையும் கண்ணையும் வரைந்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனான்.

வீரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் புள்ள விட்டுட்டுப் போறான்? ஒரே குத்தா குத்தச் சொல்லு."

"செத்தவனுக்கு ஏது அக்கா ரோசனை?" என்றாள் அந்தோனியம்மா. "உசுரோட கெடக்கட்டும். என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு கெடந்து யோசிக்கட்டும்."