எனக்கென்று ஒரு அரைமணி நேரம்

என் மகள் பதினோராம் வகுப்பில் சேர்ந்த வருடம், ஒரு மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து அவள் அப்பாவுக்குப் போன் வந்தது. ஒன்பது நாளாக வகுப்புக்கு வரவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். அந்த ஒன்பது நாளும் நான்தான் சோறு கட்டிக் கொடுத்து சாத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தேன். சாயங்காலம் டப்பா காலியாகத் திரும்பி வந்தது. என் கணவர் சிவகாசியில் அச்சாபீஸில் மிஷின் ஓட்டுகிறவர். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத் தேடிப் போனார். சாத்தூர் ரயில்வே ஸ்டேஷனில், பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில், யூனிபார்மோடு தனியாக உட்கார்ந்திருந்தாளாம். ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டதற்கு, சும்மா என்று மட்டும் சொன்னாளாம்.

அந்தச் சும்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மார்க் குறைந்தது என்றால் டியூஷனில் சேர்த்திருக்கலாம். யாரோடாவது பழக்கம் என்றால் கோபப்பட்டாவது இருக்கலாம். பத்தாம் வகுப்பு வரை வாய் ஓயாமல் பேசிய பிள்ளை. ஸ்டேஷனிலிருந்து வந்த அன்றோடு பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாள். ஒரு வாரம் முழுக்கப் பேசமாட்டாள், திடீரென்று சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிவாள். ஒரு நாள் இடுப்பு வரை இருந்த முடியைக் கத்தரிக்கோலால் காது மட்டத்துக்கு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் அழுதேன்.

"முடி என்னுதுதானம்மா, நீ எதுக்கு அழுவுற?" என்று கேட்டாள்.

கிண்டலாகக் கேட்டாளா, தெரியாமல்தான் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எனக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை. ஒரு அறைக்கு நான்கு பெண்கள்தான். போனைக் காலையில் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். உள்ளே ஒரு பொறி பட்டாலும் போதும் என்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த நாட்களில் காலை முதல் சாயங்காலம் வரை அவள் வீட்டில் இருக்கிறாளா, எங்காவது கிளம்பிவிட்டாளா என்று தெரியாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஒரு நாள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பத்தரை மணி வாக்கில் அது அதிர்ந்தது. சின்னச் சத்தம்தான். நான்கு பேரின் கையும் அப்படியே நின்றது. எங்களில் மூத்தவர் என்னைப் பார்க்காமலே, மெதுவாக எழுந்து வெளியே போகச் சொன்னார். வேலி ஓரம் வரைக்கும் நடந்து போய்த்தான் எடுத்துப் பார்த்தேன். ரீசார்ஜ் செய்யச் சொல்லி போன் கம்பெனிக்காரன் கூப்பிட்டிருந்தான்.

போர்மேன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வீட்டுக்குப் போங்கம்மா. மனசு ஒரு நெலைக்கு வந்த பொறவு வாங்க" என்றார். உடனே கிளம்ப மனசு வராமல் கேட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் மூத்தவர் மட்டும் அங்கே வந்து, என் பக்கத்தில் நின்றார்.

"ஒனக்கு ஒரு பிள்ளதான். எங்க மூணு பேருக்கும் சேத்து ஏழு பிள்ளைக இருக்கு."

வீட்டுக்கு நடந்து வந்தேன். வெட்கமாக இருந்தது. அதற்கு நடுவிலே கோபமும் வந்தது. மனசை ஒரு நிலைக்குக் கொண்டுவர எங்கே போவது? அதை யாராவது சொல்லித் தருகிறார்களா?

அடுத்த வாரம் மகளை விருதுநகரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மனநல ஆலோசகர் ஒரு பெண். மகளிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசிவிட்டு, பிறகு எங்களைக் கூப்பிட்டார். மகள் சொல்லச் சொன்னதாக ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னார். வீட்டில் இரண்டு பேரும் எந்நேரமும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோமாம், ஸ்டேஷனில் அவள் முகத்தை யாரும் பார்ப்பதில்லையாம். பெற்றவள் பிள்ளை முகத்தைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பாள்?

பிறகு, எப்படி இருக்கீக என்று என்னைக் கேட்டார். அவள் சரியாகத் தூங்குவதில்லை, ராத்திரிச் சாப்பாடு இறங்குவதில்லை என்று நான் சொல்ல ஆரம்பித்தேன்.

"அவளக் கேக்கலம்மா. நீங்க இன்னைக்குச் சாப்பிட்டீகளா?"

யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. கணவரைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை.

நாங்கள் இருவரும் தினம் அரைமணி நேரமாவது மகளை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அந்த அரைமணியில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். உங்களுக்குப் பிடித்ததை என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். மகளுக்கு என்ன பிடிக்கும், கணவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் வரிசையாகச் சொல்லிவிடுவேன். எனக்கு என்று எதுவும் வாயில் வரவில்லை. பிள்ளை இப்படிக் கிடக்கும்போது தாய்க்காரி ஊர் சுற்றப் போகலாமா என்றும் இருந்தது.

முதல் நாள் பின்வாசலில் டீயோடு உட்கார்ந்தேன். காது மட்டும் அவள் அறையிலேயே இருந்தது. மறுநாள் கண்மாய்க் கரைக்கு நடந்தேன். பாதி தூரம் போவதற்குள் பயம் பிடித்து ஓடி வந்துவிட்டேன். அவள் படுத்தபடியே என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என் தங்கையை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, கணவர் என்னை விருதுநகருக்குப் பரோட்டா சாப்பிடக் கூட்டிப் போனார். மகளைப் பற்றிப் பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். எண்ணெய்ப் பரோட்டா வந்தது. இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. பதினேழு வருடம் குடும்பம் நடத்தியவர்கள், பெண் பார்க்க வந்த இடம் மாதிரி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் அவர் வாயைத் திறந்தார். "போன மாசம் ஒரு லோடு காலண்டரு வீணாப் போச்சு. மஞ்சக் கலரு விழவே இல்ல. முருகன் மொகமெல்லாம் ஊதாவா வந்திருக்கு, நான் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே இருந்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சால்னா மூக்கில் ஏறி இருமினேன். அவரும் சிரித்தார். அதே மூச்சில் எனக்கு அழுகையும் வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று அவர் சொன்னதும் அன்றைக்குத்தான். ஒரே பாயில் படுத்துக்கொண்டு இரண்டு பேருமே தூங்குகிற மாதிரி நடித்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும், எங்கே போனீர்கள் என்று மகள் கேட்டாள். பரோட்டா சாப்பிட என்றேன். தன்னை விட்டுவிட்டுப் போனதற்குச் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "ரெண்டு பேருமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இன்றைக்குப் போகவில்லையா என்று அவளே கேட்டாள். எங்களை வெளியே அனுப்பப் பார்க்கிறாளா, எங்கள் மேல் அக்கறையா என்று ஆலோசகரிடம் கேட்டேன். இரண்டுமாக இருக்கலாம் என்றார் அவர்.

மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். மூத்தவர் நகர்ந்து இடம் விட்டார். ஆனால் தினமும் காலையில் என் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார். நானும் கையைத் தூக்கிக் காட்டுகிறேன்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து மகள் மறுபடியும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். சரியாகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். மாதம் இரண்டு முறை விருதுநகர் போகிறோம். சில நாள் பேசுகிறாள், சில நாள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நாங்கள் வெளியே போய் வந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா, இல்லை தானாக நடந்ததா, தெரியவில்லை. முகத்தைப் பார்க்காமல் இருக்கவும் நான் இன்னும் பழகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கணவர் கிளம்பினார். எனக்குப் பரோட்டா வேண்டாம், தூங்கவேண்டும் போல இருக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்று தெரிந்தது. மகள் செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவோடு கிளம்பிவிட்டாள். நான் பட்டப்பகலில் பாயை விரித்துப் படுத்தேன். எழுந்தபோது காலையா சாயங்காலமா என்று பிடிபடவில்லை. வீட்டில் யாரும் இல்லை. எழுந்து போய் ஒரு டீ போட்டு, வாசலில் உட்கார்ந்து குடித்தேன்.