சிரிக்காத அங்கிள்

கலிபோர்னியாவின் பாலைவன ஊர் ஒன்றில், என்றோ இறந்துபோன நகைச்சுவை நடிகர் வைத்த சட்டம் இன்றும் செல்லும். அவர் ஆடிய கோல்ஃப் மைதானத்தில், வாசலில் நிற்கும் காவலாளியைச் சிரிக்க வைத்தால்தான் உள்ளே விடுவார்கள்.

சன்னிவேலிலிருந்து போன எனக்கு வாய்த்தவர், தொப்பிக்குக் கீழே விபூதி தெரிந்த ஒரு தமிழ் அங்கிள். கொளுத்தும் வெயிலில் வேறு யாருமில்லை. ஐந்து ஜோக் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் வாயை மூடியபடி மீசையைத் தடவினார், அவ்வளவுதான்.

“அங்கிள், ஒண்ணுக்குக்கூடவா சிரிப்பு வரல?”

“மொதல் ஜோக்குக்கே வந்துச்சுப்பா. சிரிச்சா உன்ன உள்ள அனுப்பணுமே! தமிழ்ல ஜோக் கேட்டு எவ்ளோ நாளாச்சு. இன்னொண்ணு சொல்லு.”

நெகிழ்ந்துபோய், என்னிடமிருந்த மிகச் சிறந்த ஜோக்கைச் சொன்னேன்.

முகத்தில் துளிச் சிரிப்பும் இல்லாமல் “ஹா ஹா” என்று சொல்லிவிட்டு, அங்கிள் உடனே கதவைத் திறந்தார்.