மல்லாந்து கிடந்த சில்வண்டு

நாகலாபுரம் போகும் வழியில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. வெயில் தாழ்ந்த நேரம். ரோட்டோர டீக்கடைக்குப் பின்னால், வெடித்துக் கிடக்கும் கரிசல் மண்ணுக்குள் ஒரு சில்வண்டு கத்துகிறது. ஓரடி வைத்ததும் சத்தம் நின்றுவிடுகிறது. அசையாமல் குத்தவைத்துக் காத்திருக்கிறேன். கறுப்பாக மெல்ல வெளியே வருகிறது. போட்டோ எடுக்கும் ஆசையில் இரண்டு விரலால் பிடித்துவிடுகிறேன். உடனே விறைத்துப்போகிறது. கீழே வைத்தாலும் மல்லாந்தே கிடக்கிறது. எனக்குப் பகீரென்கிறது.

"அக்கா, நசுக்கிட்டேன் போலிருக்கு."

கிளாஸ் கழுவிக்கொண்டிருக்கும் கடைக்கார அக்கா எட்டிப் பார்க்கிறார். "சாகல தம்பி, நடிக்குது. நீங்க பாத்துக்கிட்டே இருந்தா எப்படி எந்திரிக்கும்? அங்கன திரும்பி நில்லுங்க."

திரும்பி நிற்கிறேன். முதுகுக்குப் பின்னால் ஏதோ சரசரக்கிறது. மறுபடி பார்த்தால் சில்வண்டைக் காணோம். அது கிடந்த இடத்தில் அக்காவின் கோழி நிற்கிறது.

"ஓடிருச்சா அக்கா?"

"நான் எங்க பாத்தேன்? நீங்கதான பக்கத்துல நின்னீங்க."

பஸ் ஹாரன் அடிக்கிறது. ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் வழியாகக் கோழியின் அலகையே உற்றுப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.